டிபன் டப்பாவில் வராத மருந்து

அன்புள்ள சரவணனுக்கு,

ஒரே ஊரில், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். போனில் சொன்னால் ஆகாதா என்றாள். போனில் நாம் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியாததா? "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்பா", "வண்டியை சர்வீஸுக்கு விட்டியா", "விட்டேன்பா". அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் நான் போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். மூன்று வருஷமாக இதுதான் நம் பேச்சு. இன்னும் பதினெட்டு நாளில் உனக்குக் கல்யாணம். உன் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்புவதற்கு முன்னால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நேரில் ஆரம்பித்தால் "அதெல்லாம் விடுங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் அது உன் மேஜைமேலேயே கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குஷாய்குடா மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்படி என்னதான் செய்கிறாய் அந்த ஷாமீர்பேட்டை லேபில் என்று கேட்டேன். நீ நேரே பதில் சொல்லாமல், "உங்க செக்‌ஷன்ல ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்றாய். சிவப்பு டேக் கட்டுவோம், ஸ்க்ராப் யார்டுக்குப் போய்விடும் என்றேன். "அதேதாம்பா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு ஸ்க்ராப் யார்டு இருக்கு. டேக் கட்டுற ஆளும் இருக்கான். எந்த புரோட்டீனுக்கு டேக் கட்டுறானோ அதை இழுத்துப் போட்டு நொறுக்கிடும். இந்த கேன்சர்ல ஒரு கெட்ட புரோட்டீன் டேக் இல்லாமலே சுத்திக்கிட்டு இருக்கு. நாங்க செய்யறது ரெண்டு கை வச்ச ஒரு குட்டி மாலிக்யூல். ஒரு கையால கெட்டவனைப் பிடிக்கும், இன்னொரு கையால டேக் கட்டுற ஆளைப் பிடிச்சுப் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தும். அவன் டேக் கட்டினதும் இது கழண்டுக்கிட்டு அடுத்த கெட்டவனைத் தேடிப் போயிடும்." பழைய மருந்தெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்டேன். "அது கெட்டவன் வாயை மட்டும் பொத்தும். கையை எடுத்தா மறுபடி பேச ஆரம்பிச்சிடுவான்" என்றாய்.

முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவன் நான். அடுத்தவன் கஷ்டப்பட்டுச் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அசெம்பிளிக்காரர்கள் நான் வருவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என்னிடம், டேக் கட்டுகிற ஆள் உடம்புக்குள்ளேயே இருக்கிறான், அவன்தான் உயிரைக் காப்பாற்றுகிறான் என்று என் மகன் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? வீடு வந்து சேர்ந்தபோது பையில் தக்காளி முக்கால்வாசி நசுங்கியிருந்தது. அம்மா திட்டியதுகூட என் காதில் ஏறவில்லை.

அங்கே ஆரம்பித்தது என் தப்பு. காலையில் காலனி பார்க்கில் நடக்கும்போது, பால் பூத்தில் நிற்கும்போது, ரிட்டயர் ஆனவர்கள் எங்கே கூடினாலும், இந்த டேக் கதையை நான் அளந்துகொண்டே இருந்தேன். நீ சொன்னது முயற்சி. என் வாய்க்கு வந்ததும் அது முடிந்த காரியமாகிவிட்டது. "என் பையன் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டான்." ஒரு சர்க்யூட் போர்டை மூன்று தடவை சூடேற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன், மகன் விஷயத்தில் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பெற்றவனுக்கு இது இயல்புதான் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். கேட்டவர்களில் ஒருத்தர் அதை அப்படியே நம்பினார்.

நர்சிங் ராவ் என் பக்கத்து மேஜைக்காரர், பத்து வீடு தள்ளிக் குடியிருப்பவர் என்பதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவியை நீ பெத்தம்மா என்றுதான் கூப்பிட்டாய், பெரியம்மா முறை வைத்து. அம்மா மௌலா அலி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வர ஐந்து மணியாகும். எனக்கு ஷிப்ட். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினால் நீ நேரே போனது அந்த வீட்டுக்குத்தான். பப்புச் சோற்றில் நெய் விட்டு, கோங்குரா என்கிற புளிச்சக்கீரைப் பச்சடி ஒரு ஓரமாக வைத்து, நீ சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். உனக்குத் தமிழில் கோபப்படவே தெரியாது. அந்த வீட்டுத் தெலுங்கில்தான் கோபம் வரும். நாங்கள் கூப்பிட்டால், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் "நக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் அம்மாவுக்கு அதில் லேசான பொறாமைகூட உண்டு.

பெத்தம்மாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. நீ வேலை செய்கிற அதே வகை. இருக்கிற மருந்தில் கொஞ்ச காலம் தள்ளலாம், முழுசாகக் குணமாவது கடினம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நர்சிங் ராவ் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்து, "எதுக்கு அழறீங்க? மருந்து நம்ம வீட்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால், நான் ஏன் அதற்கப்புறம் அப்படிப் பைத்தியம் மாதிரி நடந்துகொண்டேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

மழை தொடங்கிய சமயம். அப்போது உங்கள் லேபில் முப்பத்தெட்டாம் நம்பர் என்று ஒன்று இருந்தது. செல்லில் வேலை செய்கிறது, சுண்டெலியில் கட்டி சுருங்குகிறது என்று சாப்பிடும்போது நீதான் சந்தோஷமாகச் சொன்னாய். அந்தச் சனிக்கிழமை காலையில் நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து, கொஞ்சம் பவுடர் எடுத்து வா என்றேன். டிபன் டப்பாவின் அடித்தட்டில் வைத்தால் எந்த செக்யூரிட்டி திறந்து பார்க்கப்போகிறான் என்றும் சொன்னேன். யார் சொல்வது பார். தினமும் தொழிற்சாலை கேட்டில் டிபன் டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தவன். ஒரு திருகாணி எடுத்து வந்ததில்லை என்று உனக்கு நூறு தடவை பெருமையடித்தவன். மேலதிகாரி முறைத்தும், டெஸ்ட் முடியாத போர்டுகளை மூன்று நாள் கேட்டைத் தாண்டவிடாமல் நிறுத்தி வைத்த கதையை உன் பிறந்தநாளுக்குக்கூடச் சொன்னவன்.

நீ இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நின்றாய். "டெஸ்ட் முடியாதது கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேப்பா."

"அது போர்டு. இது உன் பெத்தம்மா."

"அதனாலதாம்பா, நக்கோ."

குரல் உடைந்துதான் சொன்னாய். எனக்குக் கேட்டது. கேட்டும், "அவ போட்ட சோறு உன் உடம்புல ஒட்டவே இல்லடா" என்றேன். அதற்கப்புறம் நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனாய். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தாய். எல்லாவற்றையும் நான் சால்ஜாப்பு என்றே நினைத்தேன். உன்னைப் பற்றி நான் அவளிடமே குறை சொன்னபோது, "பில்லவாண்ணி ஏமீ அனகு" என்றாள். பிள்ளையை ஒன்றும் சொல்லாதே என்று. தாய் மனசு அப்படித்தான் பேசும் என்று நான் அதையும் ஒதுக்கிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அவள் போனாள். அன்று நீ லேபிலிருந்து நேராக வந்தாய். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாய். நான் குறுக்கே நின்றேன். "கையில வச்சுக்கிட்டே குடுக்காதவனுக்கு இங்க என்ன வேலை?" நர்சிங் ராவ் காதுபடச் சொன்னேன். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன். நான் கொடுத்த வாக்கு பொய்த்ததற்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது, உன்னைக் காட்டினேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாய். எடுத்துக்கொண்டு போகும்போது கடைசி ஆளாக நடந்து வந்தாய். அடுத்த மாதம் அல்வாலில் அறை பார்த்துக்கொண்டு போனாய். ஆபீஸுக்குப் பக்கம் என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

போன மாதம் லாவண்யா கல்யாணப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தாளே, அன்றைக்கு நடந்ததை நீ அறிய மாட்டாய். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். உன் லேபில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதே எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. கேட்டேன். "டெஸ்டிங்தான் அங்கிள். மீரு கூடா டெஸ்டிங் கதா?" என்று, நீங்களும் டெஸ்டிங்தானே என்கிற மாதிரி சிரித்தாள். நீங்கள் தயாரிப்பதையெல்லாம் எலிக்குக் கொடுத்து, எது கெடுதல் என்று பார்த்துச் சொல்வது அவள் பிரிவாம். ஆக, என் மகன் தேடிப் பிடித்தது என் வர்க்கத்தில் ஒரு பெண்ணை. எனக்கு உள்ளூர ஒரே குஷி. உங்களுக்குள் எப்படிப் பழக்கம் என்று கேட்டதற்கு, சண்டையில்தான் என்றாள். "அவங்களோட முப்பத்தெட்டை நான் ஃபெயில் பண்ணேன். மூணு நாள் என்கூடப் பேசவே இல்ல."

முப்பத்தெட்டு என்றதும் என் கையில் தோசை நின்றுவிட்டது.

அவள் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "அதி ஹார்ட்லோ உன்ன மஞ்சி புரோட்டீன்கி கூடா டேக் கட்டேசிந்தி அங்கிள்." இதயத்தில் இருந்த ஒரு நல்ல புரோட்டீனுக்கும் சேர்த்து அது டேக் கட்டிவிட்டதாம். கெட்டதோடு நல்லதும் ஸ்க்ராப்புக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்த எலிகள் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தனவாம். எப்போது என்று கேட்டேன். மழை ஆரம்பித்த அந்த மாதக் கடைசி என்றாள். மனுஷனுக்கும் அப்படியே ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள், நல்ல டெஸ்டிங்காரி. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளப் பெத்தம்மாவையே வைத்துப் பார்க்க நான் தயாராக இருந்தேனே, சரவணா. கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அப்படியானால் நான் கேட்டில் உன்னை மறித்த அன்று அந்த ரிப்போர்ட் உனக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை சனிக்கிழமையும் தெரியும். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். மூன்று வருஷமாக நீ அதைச் சொல்லவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. உனக்குப் பத்து வயது இருக்கும். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு போர்டு, போன இடத்தில் வேலை செய்யாமல் திரும்பி வந்தது. ஒரு சின்னச் சாலிடரிங் விரிசல், என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ தட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். ஒரு போர்டுக்கே அப்படி ஆனவன், இது தெரிந்தால் என்ன ஆவான் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். நான் உன்னைத் தூற்றிக்கொண்டிருந்தபோது நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். இதை எழுதும்போது எனக்குக் கண் மறைக்கிறது. நான் அதை ஒளிக்கப் போவதில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம், அப்பன் என்கிற உரிமையில் இரண்டு வார்த்தை. நீ செய்தது பெரிய மனசு. ஆனால் அதிலும் ஒரு சின்னக் குறை இருக்கிறது, என் கண்ணுக்குக் குறைதானே முதலில் படும். கெட்ட ரிப்போர்ட்டை வீட்டில் ஒளித்து வைக்காதே. நீ பொறுத்துக்கொண்டாய், நான் முட்டாளாகவே மூன்று வருஷம் இருந்துவிட்டேன், நடுவில் அம்மா தேய்ந்து போனாள். லாவண்யாவிடம் எதுவானாலும் அன்றன்றைக்கே காட்டிவிடு. எப்படியும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் ஃபெயில் என்று சொன்னால் மூன்று நாள் முறைத்துக்கொள், நாலாம் நாள் பேசிவிடு. மூன்று நாளை மூன்று வருஷம் ஆக்குவது எவ்வளவு சுலபம் என்று நம் வீட்டைப் பார்த்தாவது தெரிந்துகொள். இன்னொன்று, அடுத்தவர் உழைப்பை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. நாளைக்கு உன் பிள்ளை என்ன சாதித்தாலும் பால் பூத்தில் போய்ச் சொல்லாதே. சொல்லாமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். கொஞ்சம் குறைத்துச் சொல்.

லாவண்யா சொன்னதைத் தெரிந்துகொண்டும் நான் நர்சிங் ராவிடம் போக ஒரு மாதம் ஆயிற்று. மூன்று வருஷமாக அவர் மனசில், பிள்ளை கொண்டுவந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் இருக்கிறது. அதை அங்கே நட்டு வைத்தவன் நான். கல்யாணப் பத்திரிகையோடு நேற்றுச் சாயங்காலம்தான் போனேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்தார். பத்திரிகையை நான் கொடுக்கவில்லை. முதலில் இதைக் கேளுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை என்பதை, டிபன் டப்பாவை, எலிகளை, கேட்டில் உன்னைச் சொன்னது அநியாயம் என்பதை. அவர் திட்டுவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எலி எத்தனை நாள் இருந்துச்சு தம்பி?"

"ரெண்டு வாரம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அவ நாலு மாசம் இருந்தா. தசராவுக்கு பூவால பதுகம்மா கோபுரம் அடுக்கினா, ஞாபகம் உந்தா? எழுந்திருக்க முடியல. உட்கார்ந்துக்கிட்டே அடுக்கினா. நான் ஒவ்வொரு பூவா எடுத்துக் குடுத்தேன். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல நான் அவளுக்குப் பூ எடுத்துக் குடுத்தது அன்னைக்குத்தான்."  பிறகு, "பிள்ளை டப்பா கொண்டுவந்திருந்தா அந்த பதுகம்மா லேது. அந்த நாலு மாசம் பிள்ளை குடுத்தது. ஹவ் நா?" என்றார்.

ஹவ், ஆமாம் என்றேன். 

பத்திரிகையை அவரே என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு வர்றது அப்புறம். ரெண்டு கிழவனும் சேர்ந்து பிள்ளையை வெளியிலயே நிக்க வச்சுட்டோம். முதல்ல அவனை இங்க சாப்பிட வரச் சொல்லு. அந்தப் பொண்ணும் வரட்டும்" என்றார். இப்போதெல்லாம் அவரே சமைக்கிறார். கோங்குரா அவள் கைப்பக்குவத்தில் வராது, உப்பு தூக்கலாக இருக்கும், குறை சொல்லாமல் சாப்பிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, மதியம். நீ எப்போது வந்தாலும் சரி, நான் முன்னாடியே போய் அந்தக் கேட்டில் நின்றுகொண்டிருப்பேன். உள்ளே வா என்று அங்கே உன்னிடம் நான் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்காகவாவது வா.

உன் அப்பா